காலையில் என்ன சாப்பிடுவீர்கள்?

"உங்க ஊர்ல காலையில என்ன சாப்பிடுவீங்க?"

அடைக்கலம் கேட்டு வரும் எல்லோரிடமும் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி அது. நாட்டை மாற்றிப் பொய் சொல்கிறவன் சாப்பாட்டில் மாட்டிக்கொள்வான்.

மகளை மடியில் வைத்திருந்த தையல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சோற்றுக்கில்லாமல் வந்த கூட்டம் என்று இந்த ஆள் நினைத்துவிடக் கூடாது.

"சுடச்சுட ரொட்டி, வெண்ணெய், ஆளுக்கு ரெண்டு முட்டை. எங்க வீட்டுல ஒருநாளும் குறை வெச்சதில்லைங்க."

அதிகாரி மனுவை மூடினார். "அங்க மூணு வருஷமா ஊரே பட்டினி கிடக்கு. நீங்க அந்த ஊரே இல்லை. திரும்பிப் போகலாம்."

தையல்காரர் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

நான்கு வயதுக்காரி காதோடு கேட்டாள்: "முட்டை எப்படிப்பா இருக்கும்?"