பிரிக்காத மாத்திரை அட்டை

ஜன்னல் வெயிலில், டாக்டரின் மேஜைமேல், பிரிக்கவே பிரிக்காத மாத்திரை அட்டை பளபளக்கிறது. தம்பியின் பையிலிருந்து அதைப் பிடுங்கிப் போட்டவள் அக்கா. அவள் கொடுத்த சிறுநீரகம்தான் அவன் அடிவயிற்றில் இருக்கிறது. "சில பேருக்கு, ரத்தத்துல நோயை எதிர்க்கிற பி செல்லே மத்த எதிர்ப்பு அணுக்களை அடக்கி, மாத்திரை இல்லாமலே புது உறுப்பை ஏத்துக்க வெச்சிடுமாம். எனக்கும் பழகிடுச்சுன்னு நினைச்சேன்க்கா," என்று தரையைப் பார்த்துச் சொல்கிறான். "அது ரொம்ப அபூர்வம். உங்க பி செல் சிறுநீரகத்தைத் தாக்குற புரதத்தைத்தான் தயார் பண்ணுது," என்கிறார் டாக்டர். அக்காவின் உள்ளங்கை தன் விலாத் தழும்பின்மேல் இறுகுகிறது. "பழகிடுச்சாமே! உள்ள அடி வாங்கிட்டிருக்கிறது யாருன்னு தெரியுதாடா? நான்டா!" அட்டையை எடுத்து, படக்கென்று ஒரு மாத்திரையைப் பிதுக்குகிறாள். டாக்டர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைக்கிறார். "வாயைத் தொறடா."