குரல் இல்லாத ஜெபம்

ஜன்னலுக்கு வெளியே கோரிப்பாளையத்துப் பேருந்துகள் ஓயாமல் ஹாரன் அடிக்கின்றன. உள்ளே சலோமியின் மடியில் வேதாகமம் திறந்திருக்கிறது. மின்விசிறிக் காற்றில் மெல்லிய தாள் படபடக்கிறது. தொண்டை புண்ணாகிவிட்டது, கொஞ்ச நாள் பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சபையில் மைக் இல்லாமலே ஜெபம் நடத்துகிறவள் இன்று கண்ணால் மட்டும் வாசிக்கிறாள். என் உள்ளத்தைச் சோதித்துப் பாரும் என்று தேவனிடம் கேட்கிற வசனம். சத்தமாய் வாசிக்கும் நாட்களில் விறுவிறுவென்று தாண்டிப் போய்விடுவாள். மௌனத்தில் அது நகர மறுக்கிறது. நெஞ்சுக்குள் யாரோ விளக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பதுபோல் இருக்கிறது. வெளிச்சம் போய் நிற்கிற இடத்தில் நாத்தனார் எமிமாளின் முகம். அவள் வயிற்றில் கட்டி என்று தெரிந்த அன்று கூட்டத்தில் அழுது ஜெபித்தவள் சலோமிதான். அதற்கு முன்னால், ஒரு கணம், ‘வேணும் அவளுக்கு’ என்று நெஞ்சு குளிர்ந்ததும் சலோமிக்குத்தான். உள்ளங்கை வேர்த்துத் தாளில் ஒட்டுகிறது. புத்தகத்தை மூடப் போகும்போது கதவு திறக்கிறது. ஆஸ்பத்திரிப் பையோடு எமிமாள் வந்து காலடியில் உட்காருகிறாள். சலோமியின் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொள்கிறாள். “நாளைக்கு ஆபரேசன் மதினி. பயமா இருக்கு. நீங்க வாய் திறக்க வேணாம். எனக்காக உங்க மனசுல என்ன இருக்கோ, அத அப்படியே கர்த்தர்கிட்ட கேளுங்க, போதும்.” எமிமாள் கண்ணை மூடிக் காத்திருக்கிறாள்.