யாரும் அமுக்காத முறுக்கு

முறுக்குக் குழல் இரண்டு துண்டாக இருக்கும். மாவை வைத்துக்கொள்வது கீழ்க்குழல், அதை மேலிருந்து அமுக்குவது மேல்பிடி. கிறிஸ்துமஸ் முடிந்ததும் இரண்டும் பரணுக்குப் போய்விடும். இந்த வருஷம் ஜூலையிலேயே ஜெசிந்தா டீச்சர் இரண்டையும் கீழே இறக்கியபோது கீழ்க்குழலுக்குத் தலைகால் புரியவில்லை.

மாவு வரவில்லை, ரோஸ் நிற உல்லன் நூல்கண்டு வந்தது. கட்டிலுக்கடியில் உருண்டு உருண்டு தூசி அப்பிய கண்டு. டீச்சர் அதைக் குழலுக்குள் போட்டு, நுனியை அச்சின் ஓட்டை வழியாக வெளியே இழுத்து, குழலை மேசையில் படுக்கவைத்துவிட்டுப் பின்ன உட்கார்ந்தார். மாலை ஞானஸ்நானத்துக்குள் பேரனுக்குத் தொப்பி தயாராக வேண்டும்.

நூல் சிக்கில்லாமல் ஓடியது.

"அண்ணே, அண்ணே! உடையாம ஒரே முறுக்கா வருதுண்ணே! யாருமே அமுக்கல, தானா வருது!" என்று கூவியது கீழ்க்குழல்.

பக்கத்தில் கிடந்த மேல்பிடிக்குப் பொறுக்கவில்லை. "தானா வருதாவது! நான் அமுக்காம என்னைக்குடா வந்திருக்கு? இரு, வர்றேன்" என்று குழலுக்குள் புகுந்து ஓர் அமுக்கு அமுக்கியது.

நூல் நின்றுவிட்டது. டீச்சர் இழுத்துப் பார்த்தார், வரவில்லை.

"வெளிய போண்ணே, தொப்பி பாதியில நிக்குது!" என்று கீழ்க்குழல் பதறியது.

"அமுக்கினது பத்தலடா" என்று மேல்பிடி இன்னும் அமுக்கியது.

டீச்சர் அதை உருவி எடுத்து, மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்த டிசைன் தாளின் மேல் வைத்தார். நூல் மறுபடி ஓடியது. நாலு மணிக்கெல்லாம் குஞ்சம் வைத்த தொப்பி தயார்.

"பாத்தியாடா தம்பி," என்றது தாளின் மேல் உட்கார்ந்திருந்த மேல்பிடி. "நான் அமுக்க ஆரம்பிச்ச பிறகுதான் வேலையே நடந்துச்சு."