ஜீப்புக்கு வந்த புது எஞ்சின்

மலையோரத்து ஜீப் ஒன்றுக்குத் தன் பழைய எஞ்சின்மேல் தீராத சலிப்பு. "ஏற்றத்தில் எல்லாரும் நம்மை முந்துகிறார்கள். வெட்கமாக இல்லையா உனக்கு?" என்று திட்டிக்கொண்டே இருக்கும். எஞ்சின் முனகியபடி ஏறும்.

ஒருநாள் முதலாளி அதைக் கழற்றிவிட்டு, பலமான புது எஞ்சினைப் பொருத்தினார். ஜீப் முதல் ஏற்றத்தில் பறந்தது. இரண்டாவது ஏற்றத்தில் கியர் பாக்ஸின் பற்கள் உடைந்து, வழியிலேயே நின்றுவிட்டது.

"இத்தனை வருஷம் நன்றாகத்தானே இருந்தாய்?" என்று ஜீப் கியர் பாக்ஸைக் கேட்டது.

"என் பல் தேய்ந்தது பழையவனுக்குத் தெரியும். எனக்காகத்தான் மெதுவாக ஏறினான்," என்று அழுதது கியர் பாக்ஸ்.

ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கொட்டகையில் பழைய எஞ்சினைக் காணவில்லை.

"காயலாங்கடைக்குப் போய்விட்டான்," என்றது மூலையில் கிடந்த, வண்டி தூக்கும் ஜாக்கி. "புதியவனை மெதுவாக ஏறச் சொல் என்று சொல்லத்தான் காலையில் உன்னை அத்தனை முறை கூப்பிட்டான். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை."