கிடார் அழும் இடம்

பாட்டின் மூன்றாவது நிமிடத்தில் கிடார்காரர் மேடையை விட்டு இறங்கினார்.

பதினாறு வருடங்களில் இதுதான் முதல் தடவை. இதுவரை வயர் எட்டிய தூரம்தான் அவருக்கு உலகம். இன்று வயர் இல்லாத புதுக் கருவி ஒன்றை வாங்கி இடுப்பில் செருகியிருந்தார்.

அது பழைய ஸ்பானிஷ் ராக் பாட்டு. அந்த ஹோட்டல் கூடத்தில் யாருக்கும் ஒரு வார்த்தை புரியாது. புரியவும் வேண்டாம். காங்கோ மேளம் இடுப்பைப் பிடித்து இழுக்கும், ஆர்கன் பின்னாலிருந்து தள்ளும், முட்டிவலிக்காரரும் எழுந்துவிடுவார்.

பிறகு கிடார் அழ வேண்டும்.

கூட்டம் வருவதே அந்த அழுகைக்காகத்தான் என்பது அவர் கட்சி. மேளம் யார் வேண்டுமானாலும் தட்டலாம் என்பார், மேளக்காரரை வைத்துக்கொண்டே. கீபோர்டில் ஆர்கன் வாசிக்கும் மனைவியிடம், முந்திரிக்கொட்டை மாதிரி முந்தாமல் பின்னாலேயே வந்தால் போதும் என்பார். நிகழ்ச்சிப் பதிவைக் காரில் போட்டு, தன் வாசிப்புக்குத் தானே கண் கலங்குவார்.

ஒற்றைச் சுரத்தை இழுத்துப் பிடித்து, கண்ணை மூடி, பல் பிடுங்க உட்கார்ந்தவர் மாதிரி முகத்தைக் கோணிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தார். வழி விட்டார்கள்.

நடுக்கூடத்தில் நின்று, கைதட்டலுக்காக வலது கையை உயர்த்தினார்.

கிடார் அழுதுகொண்டே இருந்தது.

கண்ணைத் திறந்தார். இடது கையையும் எடுத்துப் பார்த்தார். பெரிய ஸ்பீக்கர்களில் கிடார் இன்னும் உருக்கமாக விம்மியது.

மேடையில் மனைவியின் இடது கை ஆர்கனைப் பிடித்திருந்தது. வலது கை, கிடார் ஒலிக்கு மாற்றி வைத்திருந்த மேல்வரிசைக் கட்டைகளில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இவரைப் பார்க்கவில்லை.

பின்சுவரோரம் ஒலிப்பலகையைக் கவனித்துக்கொண்டிருந்த மச்சானிடம் போனார். அவளுடைய தம்பி.

பலகையில் ‘கிடார்’ என்று எழுதிய, ஒலியை ஏற்றி இறக்கும் பித்தான் அடிமட்டத்தில், பூஜ்யத்தில் கிடந்தது. அவர் வாசிப்பது, மேடையில் அவர் காலடியில் இருக்கும் சிறிய ஸ்பீக்கர் பெட்டிக்கு மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது. பித்தான் நகராதபடி குறுக்கே ஒட்டிய டேப் பழுத்து மஞ்சளாகியிருந்தது.

“எப்போலேர்ந்துடா இது?”

மச்சான் எழுந்து நின்றான். “உங்க கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து, மாமா. அக்காதான் ஒட்டச் சொன்னா.”

கிடார் விம்மி ஓய்ந்தது. கூடம் முழுவதும் அவர் பக்கம் திரும்பிக் கைதட்டியது.

அவர் குனிந்து ஏற்றுக்கொண்டார்.