அவிழ்த்து வைத்த கயிறுகள்

நீலத் தார்ப்பாயை ஊடுருவும் உச்சி வெயில், எல்லையில் சுடப்பட்டுக் காலையில் பெட்டியில் வந்து சேர்ந்த மாதேஷின் உடம்பை நீலமாக்கியிருக்கிறது. குளிப்பாட்டும் முன் சாவு முறைப்படி அரைஞாண் கயிற்றை அறுக்கக் குனிந்த அண்ணன் அன்பு, கத்தியோடு நிமிர்கிறான். "இடுப்புல கயிறே இல்லியே." மாதேஷின் மனைவி சசிகலாவுக்கு அது புதிதல்ல. லீவில் வரும்போதெல்லாம் வெற்று இடுப்போடுதான் வருவான். 'பட்டாளத்து ஸ்டோர்ல மூட்டை எண்றவருக்கு ஒரு கயித்தக் காப்பாத்தத் தெரியாதா' என்று திட்டிக்கொண்டே புதிதாகக் கட்டிவிடுவாள். பெட்டியோடு வந்த அதிகாரி தொப்பியைக் கழற்றுகிறார். "ஸ்டோர் இல்லம்மா, உளவுப் பிரிவு. வேற ஊர்க்காரனா வேஷம் போட்டுப் போற இடத்துல, தமிழ்நாட்டு ஆளுன்னு அந்தக் கயிறு காட்டிக் கொடுத்துடும்." அவர் நீட்டும் துணிப்பைக்குள் அவள் கட்டிவிட்ட கயிறுகள் அத்தனையும் இருக்கின்றன. ஒன்றுகூட அறுபடவில்லை, பொறுமையாக முடிச்சை அவிழ்த்துச் சுருட்டியிருக்கிறான். குடத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. சசிகலா ஒரு கயிற்றை எடுத்து, குளிர்ந்த இடுப்பைச் சுற்றி, வழக்கம்போல இரட்டை முடிச்சுப் போடுகிறாள். "இனி யாருக்கும் ஒளிய வேணாம். நம்மூரு ஆளாவே போகட்டும்." முடிச்சிலிருந்து விரலை எடுக்க அவளுக்கு நேரமாகிறது. பிறகு அன்புவிடம் திரும்புகிறாள். "இப்ப அறுங்க மாமா."