கால்வாய்க்கு அந்தப் பக்கத்துப் பெரட்டு

"சன்னாசி."

"இருக்கேன் மண்டோர்."

"செல்லம்மா."

"இருக்கேன் மண்டோர்."

ஹேமநாதன் அப்படியே நின்றுவிட்டார். பெரட்டு. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அப்பா காலத்தோடு ஒழிந்தது என்றுதான் நினைத்திருந்தார்.

செண்டாயானில் புதுக் குடியிருப்பான தாமானில் வீடு வாங்கி ஏழு வருடம். தாமானுக்குப் பின்னால் கால்வாய். அதற்கு அந்தப் பக்கம் பழைய தோட்டத்து லயம், தொழிலாளர் வரிசை வீடுகள், மிச்சமிருப்பது இன்று காலைதான் அவருக்குத் தெரியும். மனைவி இறந்துபோன பிறகு வீட்டில் இருக்க முடியாமல் நடந்து நடந்து, தாமான் ரோடெல்லாம் தீர்ந்துபோய், பலகைப் பாலத்தைத் தாண்டி வந்திருந்தார்.

முற்றத்தில் ஏழெட்டுக் கிழங்கள். எதிரே நோட்டுப் புத்தகமும் கையுமாக இன்னொரு கிழம். அதுதான் மண்டோராம், தோட்டத்துக் கங்காணி.

"தனலெட்சுமி."

பதில் இல்லை.

"தனலெட்சுமி! எங்க அந்தம்மா? சன்னாசி, போயி கதவத் தட்டு. தொறக்கலன்னா ஒடச்சிரு."

ஹேமநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, தோட்டம் மூடி எத்தன வருசமாச்சு? இன்னும் என்னா அதிகாரம்? வயசான பொம்பளைய நிம்மதியா தூங்கவாச்சும் விடலாம்லா."

மண்டோர் காதில் வாங்கவில்லை. கண் கடைசி வீட்டுக் கதவிலேயே இருந்தது.

கதவு திறந்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓர் அம்மா எட்டிப் பார்த்தார்.

"குளிச்சிக்கிட்டு இருந்தேன்லா. இருக்கேன் மண்டோர், இருக்கேன்."

"நாளையிலேர்ந்து பெரட்டுக்கு முன்னாடி குளி."

மண்டோர் நோட்டில் கோடு போட்டார். பிறகுதான் ஹேமநாதன் பக்கம் திரும்பினார்.

"போன வருசம் ஆறுமுகம் அந்த மூணாவது வீட்ல செத்துக் கெடந்தான் சார். மூணு நாளு. பக்கத்து வீடு நான்தான். மக வீட்டுக்குப் போயிருப்பான்னு நெனச்சிட்டேன்."

மண்டோர் நோட்டை மூடினார்.

"இங்க எல்லாமே ஒத்த ஆளுங்க. அதுலேர்ந்துதான் காலையில பேரு கூப்பிடறேன்."

ஹேமநாதன் கை கூப்பினார். "மன்னிச்சிருங்க. தெரியாம பேசிட்டேன்."

"பரவால்ல சார். தாமான் ஆளா?"

"ஆமா. நூத்திப் பதினாலு."

"வீட்டு நம்பர் கேக்கல. பேரு?"

ஏழு வருடமாக கேட் காவலாளிக்கும் அவர் நூத்திப் பதினாலுதான், பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதேதான். பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை; 'அப்பா' என்று கூப்பிடுவதும் ஆஸ்திரேலியாவில், பெர்த்திலிருக்கும் மகள் மட்டும். அதுவும் ஞாயிற்றுக்கிழமை போனில். நேற்றுத்தான் பேசினாள். இன்று தான் விழுந்தால் அடுத்த ஞாயிறுதான் யாருக்காவது தெரியும்.

ஹேமநாதன் மெதுவாக நடந்து போய், வரிசையின் கடைசியில் நின்றார்.

"ஹேமநாதன்," என்றார். "இருக்கேன் மண்டோர்."